காற்றை அளந்துவிட்டுக் கன் வாங்குங்கள்

(திருநெல்வேலியில் தச்சர்களும் பாலிஷ் வேலைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பார்க்கிற ஆட்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, மரத்துக்குப் பாலிஷ் அடிக்க விலை குறைவா ஒரு நல்ல ஸ்ப்ரே கன் சொல்லுங்க." நான் உடனே பெயர் சொல்வதில்லை. "உங்க கம்ப்ரசர் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று கொடுக்கும்?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு ஹெச்.பி., ரெண்டு ஹெச்.பி. என்று பதில் வரும். அது மோட்டாரின் பலம். நான் கேட்டது காற்றின் அளவு. அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கி மூன்றாம் வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குத் தேக்கு முன்கதவு. கதவை இழைத்து, உப்புத்தாள் போட்டு, சீலர் ஏற்றி, கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். கடைசிக் கோட்டுக்கென்று ஒரு புதுக் கன் வாங்கினேன். பெட்டியில் எச்.வி.எல்.பி. என்று பெரிதாகப் போட்டிருந்தது. "பாலிஷ் பாதி மிச்சமாகும்" என்று கடைக்காரர் சொன்னார், விலையும் குறைவு. என்னிடம் இருந்ததோ ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர். முதல் நாலு வீச்சு நன்றாக வந்தது. ஐந்தாவதில் டேங்கின் முள் இறங்கியது, கன் இருமியது, கதவின் நட்டநடுவில் மிளகு மிளகாகச் சொட்டு விழுந்தது. மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையும் தேய்த்து எடுத்தேன். கன்னைத்தான் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கன்னில் ஒரு குறையும் இல்லை. அது கேட்ட காற்றில் பாதியைக்கூட என் கம்ப்ரசரால் கொடுக்க முடியவில்லை.

கன்னைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கன்னே இல்லாமல் மரத்துக்கு மெருகு ஏற்றத் தெரிந்த ஊர் நம்முடையது என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். பாபநாசத்திலிருந்து தாமிரபரணி ஆற்றோடு கீழே வந்தால் அம்பாசமுத்திரம். அந்த ஊர்ச் சொப்புச் சாமான் நம் வீட்டுப் பெண் குழந்தைகள் எல்லோர் கையிலும் இருந்தது. குட்டி அடுப்பு, குட்டி உரல், குட்டி அம்மி, குட்டிப் பானை. கடைசலில் மரத்துண்டு சுழலும். அதன்மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். தேய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பிரஷ் கிடையாது, தின்னர் கிடையாது, காய்வதற்குக் காத்திருப்பதும் கிடையாது.  அழுத்தம் கூடினால் அரக்கு தீய்ந்துவிடும், குறைந்தால் ஒட்டாது. மரத்தின் வேகத்துக்கும் கையின் அழுத்தத்துக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் அந்த வித்தை. சாமான் வேறாக இருந்தாலும் நம் வேலையிலும் பார்க்க வேண்டியது அதே பொருத்தத்தைத்தான்.

கடைசலில் ஏறாத கதவும் கட்டிலும் பூஜை மண்டபமும் நம்மிடம் வருகின்றன. அவற்றுக்குக் கன் வேண்டும். இந்தக் கருவி பிறந்தது ஒரு மருத்துவர் வீட்டில். அமெரிக்காவில் டொலிடோ என்கிற ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு மருத்துவர், நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பூந்தூறலாகத் தூவுவதற்கு ரப்பர் உருண்டை வைத்த ஒரு கருவி செய்தார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது அது. அவருடைய மகன் தாமஸ் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் இருக்கும் கன்னுக்கு அதுவே மூதாதை. வேகமாக ஓடும் காற்று திரவத்தைப் பொடிப்பொடியாக உடைக்கிறது. காற்று போதவில்லை என்றால் பொடி பெரிதாகிறது. பெரிய பொடி மரத்தில் விழுந்து பரவாமல் மேடு மேடாக நிற்கிறது. அதைத்தான் நாம் ஆரஞ்சுத் தோல் என்கிறோம். பாலிஷ் கெட்டியாக இருந்தாலும் ஆரஞ்சுத் தோல் வரும் என்பது உண்மை. ஆனால் காற்றைப் பார்க்காமல் தின்னரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால், கடைசியில் வடிகிற தண்ணிப் பாலிஷ்தான் மிஞ்சும்.

சரி, நம் கம்ப்ரசர் எவ்வளவு காற்று கொடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தகட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளுகிற கணக்கு இருக்கும், வெளியே வருவது அதைவிடக் குறைவு. கையில் போன் இருந்தால் போதும். டேங்க் எத்தனை லிட்டர் என்று பாருங்கள், 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளி வால்வை மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். அழுத்தம் காட்டும் முள் 4 கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) தொடும்போது போனில் நேரத்தை ஓட விடுங்கள், 6 கிலோவைத் தொடும்போது நிறுத்துங்கள். 100 லிட்டர் டேங்கில் 2 கிலோ ஏறியிருக்கிறது, ஆக உள்ளே போன காற்று சுமார் 200 லிட்டர். அதற்கு 2 நிமிஷம் ஆனால், உங்கள் கம்ப்ரசர் நிமிஷத்துக்கு 100 லிட்டர் கொடுக்கிறது. கன் பெட்டியில் சி.எப்.எம். என்று, அதாவது கன அடிக் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். 100 லிட்டர் என்பது மூன்றரை கன அடி. நல்ல நிலையில் உள்ள ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் ஏறக்குறைய இவ்வளவுதான் கொடுக்கும். ரெண்டு ஹெச்.பி. என்றால் 6, 7 வரும். மூன்று ஹெச்.பி. இருந்தால் 10-ஐத் தொடலாம். ரிங் தேய்ந்த பழைய கம்ப்ரசர் என்றால் இதற்கெல்லாம் கீழே.

இந்த எண் கையில் இருந்தால் கன் தேர்வு பாதி முடிந்த மாதிரி. எச்.வி.எல்.பி. கன்னுக்கு, அதாவது காற்று அதிகம், அழுத்தம் குறைவு என்கிற வகைக்கு, 8 முதல் 14 கன அடி வரை காற்று வேண்டும். அதில் முனையிலுள்ள ஏர் கேப்பில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மேல் போகாது. மெதுவாகத் தூவுவதால் பாலிஷ் மரத்தில் பட்டுத் தெறித்து ஓடுவது குறைவு. அனுப்பும் பாலிஷில் 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்று கலிபோர்னியா போன்ற இடங்களில் காற்று மாசு விதி வந்தபோது இந்த வகை பரவியது. பழைய முறைக் கன்னில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே பெரிது. அதனால் "பாலிஷ் மிச்சமாகும்" என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை, ஆனால் காற்று இருந்தால்தான் அது நடக்கும். பழைய முறைக் கன்னுக்கு 5 முதல் 8 கன அடி போதும், ஆனால் 40 பவுண்டு வரை அழுத்தம் வேண்டும். இவை தவிர, காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு என்று எல்.வி.எல்.பி. என்று ஒன்று வருகிறது. 3 முதல் 6 கன அடியில் ஓடும், வீச்சின் அகலம் கொஞ்சம் குறைவு, வேலை மெதுவாக நடக்கும். ஒரு ஹெச்.பி. வைத்திருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். இல்லையென்றால் சின்ன டச்-அப் கன். கதவு மாதிரி பெரிய பரப்புக்கு அது ஆகாது. நாற்காலிக் கால், ஜன்னல் கம்பிச் சட்டம், சிற்ப வேலை உள்ள இடம் இவற்றுக்கெல்லாம் அதைப்போல் சுகம் வேறு இல்லை.

கம்ப்ரசரே வேண்டாம், பிளக்கில் சொருகினால் போதும் என்று மின்சாரக் கன் விற்கிறார்கள். சுவருக்கும் கேட்டுக்கும் வேலிக்கும் அது உதவும். மெலமைன், பி.யு. பாலிஷ்களை அடிக்கத் தேவையான நைஸ் அதில் வருவதில்லை. தேக்குக் கதவுக்கு அதை வாங்காதீர்கள்.

பெயர் கேட்பீர்கள் என்று தெரியும். நம் பக்கத்துப் பழைய பட்டறைகள் பலவற்றில் இருந்தது பைலட் கன்தான். அந்தக் கால சைஃபன் மாதிரி, கீழே கப் தொங்கும். பழுது வந்தால் உதிரி பாகம் கிடைக்கும், அது பெரிய பலம். இப்போது ஆன்லைனிலும் ஹார்டுவேர் கடையிலும் டபிள்யு-71, எப்-75 என்று மலிவாக வருபவை பெரும்பாலும் ஜப்பானிய மாதிரிகளின் நகல். எச்-827 என்று வருவது மேல் கப் வைத்த எச்.வி.எல்.பி. இவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு கன் இரண்டு விதமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயரை நம்பாமல், கையில் எடுத்த அந்த ஒரு கன்னைச் சோதித்து வாங்குங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். சோதிக்க விடாத கடையில் வாங்கவே மாட்டேன்.

மரவேலைக்கு மேல் கப் கன்னே நல்லது. பாலிஷ் தன் எடையிலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தத்தில் வேலை நடக்கும், கடைசி 50 மில்லி வரை வீணாகாது. கீழ் கப்பில் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். ஹார்டனர் கலந்த பி.யு. அப்படித் தங்கினால் அது கீழே கொட்டிய பணம். நாசில் அளவு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் இருந்தால் என்.சி. லாக்கர், மெலமைன், பி.யு. மூன்றையும் அடிக்கலாம். கெட்டியான பிரைமருக்கு மட்டும் 1.8 வேண்டும். ஒரே ஒரு கன் என்றால் 1.4 எடுங்கள். கையில் காசு மிஞ்சினால் அதை இரண்டாவது கன்னில் போடாமல், தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் வைத்த ரெகுலேட்டரிலும் 8 மில்லிமீட்டர் உள் விட்டம் உள்ள ஹோஸிலும் போடுங்கள். மெல்லிய ஹோஸ் காற்றைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். ரெகுலேட்டரில் 60 பவுண்டு காட்டிக்கொண்டிருக்கும், கன்னுக்கு வந்து சேர்வது வேறு. அதனால் அழுத்தத்தைக் கன்னின் அடியில், டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

கடையில் எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். முதலில் கப்பில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்று இல்லாமல் முனை கீழே பார்க்கச் சாய்த்துப் பிடியுங்கள். முனையில் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது. கசிந்தால் நீடிலும் நாசிலும் ஒன்றுக்கொன்று உட்காரவில்லை என்று அர்த்தம். அடுத்து ஏர் கேப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு கொம்பிலும் இருக்கும் ஓட்டைகள் வட்டமாக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். மலிவுக் கன்னில் தப்பு நடக்கிற இடம் இந்த ஓட்டைகள்தான், குரோம் பூச்சு உள்ளே வழிந்து ஒரு பக்கம் அடைத்திருக்கும். நீடில் செட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தண்ணீர் அடிப்படையிலான பாலிஷ் அடிக்கும் எண்ணம் இருந்தால் நீடிலும் நாசிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

பிறகு காற்றைக் கொடுத்து, பழைய தினசரித் தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு சாண் தள்ளி நின்று, டிரிக்கரை ஒரே ஒரு நொடி இழுத்து விடுங்கள். தாளில் விழும் ஈரம் பேசும். நீண்ட முட்டை மாதிரி, நடு முதல் ஓரம் வரை ஒரே சீராக இருந்தால் வாங்கலாம். நடுவில் கனத்து ஓரம் மெலிந்தால் காற்று குறைவு அல்லது திரவம் கெட்டி, ஆகவே கன்னைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு முனையிலும் கனத்து இடுப்பு ஒடுங்கினால் காற்று அதிகம். வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. எங்கே என்று தெரிய ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் சேர்ந்து திரும்பினால் குற்றம் கேப்பில். திரும்பாமல் அதே பக்கம் நின்றால் நாசிலில். நாசில் குற்றம் என்றால் அந்தக் கன்னை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டு நிமிஷச் சோதனை இது. பாளையங்கோட்டைக் கதவுக்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

நல்ல கன் வாங்கிய பிறகும் நம் ஊர்க் காலநிலை ஒரு பக்கம் நிற்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மரவாடித் தூசியையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்தக் காற்றில் பாலிஷ் மரத்தைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து, கை வைத்தால் மணல் மாதிரி சொரசொரக்கும். அந்த மாதங்களில் விடியற்காலையில் அடித்து முடித்துவிடுங்கள், மெதுவாகக் காயும் தின்னரைச் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நேர் எதிர். தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, என்.சி. லாக்கர் பால் மாதிரி வெளுத்துப்போகும். வெயில் ஏறின பிறகு அடியுங்கள். மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்குக்குள்ளும் தண்ணீர் சேரும், தினமும் சாயங்காலம் அடிவால்வைத் திறந்து விட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு எனக்கு வந்த கட்டில்களும் கதவுகளும் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தன, உள்ளே ஈரம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் அடித்துக்கொடு என்று நெருக்கினார்கள். முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன், கோடையில்தான் அடித்தேன். ஈர மரத்தில் எத்தனை விலை உயர்ந்த கன்னால் அடித்தாலும் பூச்சு உரிந்துவிடும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். தொண்டையைக் காக்கப் பிறந்த கருவி நம் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பி.யு. அடிக்கும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், தொழிலையே விட வேண்டி வரும். அதன் வாடையை வைத்து எச்சரிக்கையாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஆபத்தான அளவிலும் அது மணக்காது. மெலமைன் காயும்போது கண் எரிவது ஃபார்மால்டிஹைடால். துணியோ மருத்துவமனை மாஸ்க்கோ இந்த ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜும் முன்னால் தூசி ஃபில்டரும் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும். பி.யு.வைத் தினமும் அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மாஸ்க்தான் சரி. உங்கள் கன் மலிவாக இருக்கலாம், மாஸ்க் மலிவாக இருக்கக் கூடாது. பட்ஜெட் போடும்போது மாஸ்க்கையும் கன் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். என்.சி. லாக்கர் அடிக்கிற இடத்தில் அடுப்பு, பீடி, தீப்பொறி பறக்கும் மோட்டார் எதுவும் கூடாது. அடிக்கும்போது தரையில் படியும் வெள்ளைப் பொடி வெடிமருந்துக்குப் பங்காளி, தினமும் பெருக்கித் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

கழுவுகிற விஷயம் சுருக்கமாக. ஹார்டனர் கலந்த பாலிஷ் என்றால் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்பே கழுவ வேண்டும். கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப்போடாதீர்கள், உள்ளே இருக்கும் பேக்கிங் கெட்டுவிடும். ஏர் கேப் ஓட்டையில் கம்பியைக் குத்தாதீர்கள், வேப்பங்குச்சியோ ஈர்க்குச்சியோ போதும். பெயிண்ட் ரிமூவரில் கழுவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய மெத்திலீன் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு, நம் மலிவுக் கன்கள் எல்லாம் அலுமினிய உடம்புதான். கழுவின பிறகு நீடிலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால், விலை உயர்ந்த வெளிநாட்டுக் கன்னுக்குச் சமமாக இதுவும் பல வருஷம் உழைக்கும். பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கி, கழுவாமல் ஒரே மாசத்தில் கெடுத்தவர்களையும் நான் அறிவேன்.

தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் பட்டறையைத் திறந்ததும் வேறு வேலை தொடங்க வேண்டாம். கம்ப்ரசரைப் போட்டு, 4 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு முள் ஏற எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கணக்குப் போட்டு வரும் கன அடியைப் பெயிண்டால் டேங்கின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். கன் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லி, அதற்குள் அடங்குகிற கன்னைக் கேளுங்கள். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.